கொல்லையில் ஒரு பழைய நீச்சல் குளம்: கையைக் கடிக்காமல் சீர்செய்வது எப்படி?

புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பம், காலாப்பட்டு, தவளக்குப்பம் பக்கம் பழைய தோட்ட வீடு வாங்குகிறவர்களில் சிலருக்குக் கொல்லையில் ஒரு நீச்சல் குளமும் சேர்ந்தே வந்துவிடுகிறது. பச்சைத் தண்ணீர், மூலையில் சவுக்குச் சருகு, துருப்பிடித்த ஏணி, எப்போது ஓடியது என்றே தெரியாத மோட்டார். பார்க்க வருகிற முதல் மேஸ்திரி, "மொத்தமாப் பேத்துட்டுப் புதுசாப் போட்டுடலாம் சார், பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல" என்பார். அதற்கு உடனே தலையாட்டிவிட வேண்டாம். இப்படிப்பட்ட குளங்களில் பெரும்பாலும் கான்கிரீட் தொட்டி உறுதியாகத்தான் இருக்கும். கெட்டிருப்பது குழாய், வால்வு, மோட்டார், டைல்ஸ் இடுக்கில் இருக்கும் கிரவுட். கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைகளை முதலில் முடித்துவிட்டு டைல்ஸைக் கடைசிக்குத் தள்ளினால் பட்ஜெட் தாங்கும். வரிசை மாறினால், நேற்று ஒட்டிய டைல்ஸை இன்று உடைத்துக் குழாயைத் தேட வேண்டி வரும்.

தண்ணீரை இப்போதைக்கு இறைக்காதீர்கள்

புதிதாக இறங்குகிறவர்கள் வாடகை மோட்டார் வைத்து முதல் நாளே குளத்தைக் காலி செய்துவிடுகிறார்கள். தண்ணீர் இருக்கும்போது மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய கோளாறுகள் நிறைய இருக்கின்றன. காலி செய்துவிட்டால் அவை மறைந்துபோகும்.

முதலில் அளவெடுங்கள். நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி, வருவதை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு கிடைக்கும். 25 அடி நீளம், 12 அடி அகலம், ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 6 அடியும் ஆழமுள்ள குளம் என்றால் சராசரி ஆழம் நாலரை அடி. கொள்ளளவு சுமார் 38,000 லிட்டர். இந்த ஓர் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார், ஃபில்டர், தண்ணீரில் போடும் மருந்து எல்லாவற்றின் அளவும் இதிலிருந்துதான் வரும். 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் மூன்று லோடு இறக்கினாலும் இந்தக் குளம் முழுக்க நிரம்பாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பச்சையாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதைக் கொட்ட வேண்டியதில்லை. தொட்டியும் குழாயும் சரியாக இருந்தால் குளோரினும் ஃபில்டரும் சேர்ந்து சில நாட்களில் அதைத் தெளிய வைத்துவிடும்.

அடுத்தது கசிவு. ஒரு பக்கெட்டில் குளத்துத் தண்ணீரையே முக்கால்வாசி நிரப்பி, குளத்தின் படியில் வையுங்கள். பக்கெட்டுக்குள் இருக்கும் மட்டத்தையும், வெளியே குளத்தின் மட்டத்தையும் மார்க்கரால் குறியுங்கள். 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். வெயில் எடுப்பது இரண்டுக்கும் ஒன்றுதான். நம் ஊர்க் கோடையில் ஒரு நாளைக்குக் கால் அங்குலம் ஆவியாவது சகஜம். பக்கெட்டைவிடக் குளம் கூடுதலாக இறங்கியிருந்தால் அந்த வித்தியாசம்தான் கசிவு. மேலே சொன்ன குளத்தில் ஓர் அங்குலம் இறங்கினால் 700 லிட்டர் போய்விட்டது என்று அர்த்தம்.

மோட்டார் ஓடும் நிலையில் இருந்தால், ஓடும்போது ஒரு நாளும் ஓடாதபோது ஒரு நாளும் இதையே செய்யுங்கள். ஓடும்போது அதிகமாக இறங்கினால், ஃபில்டரிலிருந்து குளத்துக்குத் திரும்பும் குழாயில் கோளாறு, இல்லையென்றால் வால்வு வழியாகத் தண்ணீர் கழிவுக்குப் போகிறது. குளத்துக்குள் தண்ணீர் வரும் வாயில் காற்றுக் குமிழி விடாமல் வந்தால் உறிஞ்சும் குழாயில் எங்கோ காற்று ஏறுகிறது. இரண்டு நாளும் ஒரே அளவு இறங்கினால் தொட்டியைச் சந்தேகப்படலாம். கோடையாக இருந்தால், இறங்கட்டும் என்று விட்டுவிட்டு மட்டம் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். விளக்கு பொருத்திய குழிக்கு நேராக நின்றால் விளக்கு ஒயர் போகும் குழாய்தான் குற்றவாளி. பழைய குளங்களில் இது ரொம்பச் சாதாரணம்.

சந்தேகப்படும் விரிசலை உறுதி செய்ய ஒரு மலிவான வழி இருக்கிறது. கேசரிப் பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் ஏற்றிக்கொள்ளுங்கள். மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் அசையாமல் நின்ற பிறகு, விரிசலுக்கு ஓர் அங்குலம் தள்ளி மெதுவாக விடுங்கள். கசிவு இல்லையென்றால் ஆரஞ்சு நிறம் அங்கேயே புகைபோல் நிற்கும். இருந்தால் நூல் பிடித்ததுபோல் நேராக விரிசலுக்குள் போகும். இதற்கு மட்டும் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும்.

காலி செய்யும் முன் கிணற்றை எட்டிப் பாருங்கள்

கடலோரத்துக்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி இது. காலியான குளம் ஒரு படகு மாதிரி. சுற்றியுள்ள நிலத்தடி நீர் குளத்தின் தரையைவிட மேலே இருந்தால், அது தொட்டியை அடியிலிருந்து தூக்கும். ஓர் அடி உயரத்துக்கு நீர் நின்றாலே ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 300 கிலோ அழுத்தம். 25-க்கு 12 அடிக் குளத்தில் அது மொத்தம் எட்டரை டன். இரண்டு மூன்று அடி நின்றால் தரை விரிசல் விடலாம், தொட்டியே ஒரு பக்கம் மேலே எழும்பலாம். அதற்கப்புறம் சீர்செய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை.

தேவனாம்பட்டினம், அரியாங்குப்பம் மாதிரி மணல் பாங்கான இடங்களில் மழைக்காலத்தில் தண்ணீர் கைக்கெட்டும் ஆழத்துக்கு வந்துவிடும். கடலூரின் கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் மேட்டில் இந்தப் பயம் குறைவு. பக்கத்தில் திறந்த கிணறு இருந்தால் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து, குளத்தின் ஆழமான பகுதியோடு ஒப்பிடுங்கள். கிணறு இல்லையென்றால் கைபோர் போடுகிறவரைக் கூப்பிட்டு, குளத்துக்குப் பக்கத்தில் அதன் தரையைவிட ஓரடி ஆழமாக ஒரு துளை போட்டு, ஓட்டை போட்ட பி.வி.சி. குழாயை இறக்கி வையுங்கள். செலவு சொற்பம். வேலை நடக்கும் நாட்களில் தினமும் காலையில் அதைப் பார்த்துக்கொள்ளலாம். பிப்ரவரி முதல் மே வரைதான் இந்த வேலைக்குச் சரியான காலம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை குளத்தைக் காலி செய்யவே கூடாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட ஒரு நாளில் குளம் காலியாகக் கிடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இறைக்கிற தண்ணீரை வீணாக்க வேண்டாம். குளோரின் போடுவதை நிறுத்தி நாலைந்து நாள் வெயிலில் விட்டால் குளோரின் பறந்துவிடும். அப்புறம் தென்னைக்குப் பாய்ச்சலாம். காலியான குளத்தின் அடியில் சாண் அளவு மழைத்தண்ணீர் தேங்கினாலும் போதும், ஒரு வாரம் பத்து நாளில் டெங்கு கொசு பறக்கும். தினமும் துடைத்து எடுத்துவிட வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் சுற்றிலும் தடுப்பு கட்டுங்கள். தண்ணீர் இல்லாத ஆறடிப் பள்ளத்தில் விழுந்தாலும் ஆபத்துதான்.

ஆழத்தைக் குறைக்கலாமா?

குளம் காலியாக இருக்கும்போது யோசிக்க வேண்டிய கேள்வி இது, யாரும் கேட்பதில்லை. வீட்டுக் குளத்தில் யாரும் உயரத்திலிருந்து குதிக்கப் போவதில்லை. ஆறடி ஆழம் பயமுறுத்தவும் பணம் தின்னவும்தான் உதவுகிறது. அந்தப் பக்கத்தை நாலடிக்கு மேடாக்கினால் 38,000 லிட்டர் குளம் 30,000 லிட்டருக்குக் கீழே வந்துவிடும். தண்ணீர், மருந்து, மின்சாரம் மூன்றிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆயுள் முழுக்க மிச்சம். கூடுதல் எடையும் ஏறுவதால் நிலத்தடி நீரின் தூக்கலைத் தாங்கும் சக்தியும் கூடும்.

வெறும் மண்ணைக் கொட்டி மேலே டைல்ஸ் ஒட்டினால் ஆறே மாதத்தில் இறங்கிவிடும். ஜல்லியும் எம்-சாண்டும் அடுக்கடுக்காகப் போட்டுத் திமிசு அடித்து இறுக்கி, மேலே கம்பி கட்டிய கான்கிரீட் தளம் போட வேண்டும். அடியில் இருக்கும் டிரெயினையும் (மோட்டார் தண்ணீரை உறிஞ்சும் வாய்) மேலே கொண்டு வர வேண்டும். ஒரு கட்டடப் பொறியாளர் வந்து பார்த்து வரைந்து கொடுக்கட்டும். அந்தக் கட்டணத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

தொட்டியும் டைல்ஸும்

ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு குளத்துக்குள் இறங்குங்கள். ஒவ்வொரு டைலையும் தட்டுங்கள். "டக்" என்று கெட்டியான சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். "டொக்" என்று பொள்ளலாகக் கேட்டால் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். ஒரு மணி நேரத்தில் முழுக் குளத்தின் ஜாதகமும் கையில் இருக்கும். கால்வாசிக்குக் கீழே பெருக்கல் குறி இருந்தால் அவற்றை மட்டும் பெயர்த்து ஒட்டுவதுதான் புத்திசாலித்தனம். பாதிக்கு மேல் போனால் மேஸ்திரி சொன்னதுதான் சரி. அதே நிற டைல்ஸ் கிடைக்காது என்ற கவலை வேண்டாம். ஓரத்திலிருந்து நல்ல டைல்ஸைப் பெயர்த்து நடுவில் போட்டுவிட்டு, நீர்மட்ட வரிசை முழுக்க வேறு நிறத்தில் பட்டையாக ஒட்டிவிட்டால் வேண்டுமென்றே செய்ததுபோல் இருக்கும்.

விரிசலைச் சிமெண்ட் பூசி மறைப்பது பயன் தராது. 'வி' வடிவத்தில் வெட்டித் திறந்து, தூசியை ஊதி, பாலிமர் கலந்த மார்ட்டரால் அடைக்க வேண்டும். உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தால் துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்துவிட்டு அப்புறம் அடையுங்கள். பெயர்த்த இடங்களில் இரண்டு பாகமாக வரும் சிமெண்ட் பாலிமர் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு இரண்டு கை: முதல் கை குறுக்கே, அது காய்ந்ததும் இரண்டாவது நெடுக்கே. டப்பாவில் போட்ட நாட்கள் ஆறிய பிறகு, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே தண்ணீர் நிரப்பி மறுபடியும் பக்கெட் சோதனை செய்யுங்கள். மேஸ்திரிகள் அவசரப்படுத்துவார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

டைல்ஸைச் சிமெண்ட் பாலில் ஒட்டாமல் நீருக்கடியில் நிற்கும் டைல் அட்ஹெசிவில் ஒட்டச் சொல்லுங்கள். எப்பாக்ஸி கிரவுட் விலை அதிகம். கையில் காசு குறைவென்றால், அழுக்கும் உப்பும் படிந்து அடிக்கடி தேய்க்க வேண்டியிருக்கும் நீர்மட்ட வரிசைக்கும் அதற்குக் கீழே ஓரடிக்கும் மட்டும் எப்பாக்ஸி, மற்ற இடங்களுக்குப் பாலிமர் கலந்த சாதா கிரவுட் போதும். டைல்ஸுக்குப் பதில் பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்பார்கள். சுவர் எலும்பாகக் காய்ந்திருந்தால்தான் அது பிடிக்கும். கடலோர ஈரத்தில் கொப்புளம் விட்டு உரிவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

குழாய்

பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். யு.பி.வி.சி. குழாய் மலிவு, உள்ளூர் பிளம்பருக்கும் பழக்கம். புதைந்த குழாயில் கசிவு என்றால் முற்றம் முழுக்கத் தோண்டாதீர்கள். பழையதை இரு முனையிலும் அடைத்துவிட்டு, ஓரமாகப் புதுக் குழாய் போட்டுக்கொள்ளலாம். மோட்டாருக்கும் ஃபில்டருக்கும் இரு பக்கமும் யூனியனும் (கையால் திருகிக் கழற்றும் இணைப்பு) பால் வால்வும் வையுங்கள். பின்னால் எதைக் கழற்றுவதென்றாலும் குழாயை அறுக்க வேண்டியிருக்காது.

ஒரே ஓர் உறிஞ்சு வாய், அதன் மேல் தட்டையான மூடி என்ற அமைப்பை மட்டும் அப்படியே விட்டுவிடாதீர்கள். குழந்தையின் தலைமுடியோ உடம்போ அதில் ஒட்டிக்கொண்டால் இழுத்தெடுக்க முடியாது. உறிஞ்சும் வாய் இரண்டாக, ஒன்றுக்கொன்று தள்ளி இருக்க வேண்டும். மூடி குவிந்த வகையாக இருக்க வேண்டும்.

மோட்டாரும் ஃபில்டரும்

பட்ஜெட்டில் அதிகம் மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் இதுதான்.

மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும். அடியில் தண்ணீர் சொட்டினால் மெக்கானிக்கல் சீல். கரகரவென்று கத்தினால் பேரிங். மூன்றுமே சில நூறு ரூபாய் சாமான். பக்கத்து வைண்டிங் கடையில் காட்டிவிட்டு அப்புறம் புதிது வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

புதிது வாங்கினால் பெரிதாக வாங்காதீர்கள். வீட்டுக் குளத்தில் மொத்தத் தண்ணீரும் ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் ஒரு முறை ஃபில்டரைக் கடந்தால் போதும். 38,000 லிட்டரை ஆறால் வகுத்தால் மணிக்கு சுமார் 6,300 லிட்டர். ஒரு எச்.பி. மோட்டார் தாராளம். "இரண்டு எச்.பி. போட்டா சீக்கிரம் சுத்தமாயிடும்" என்பது கடைக்காரர் பேச்சு. தண்ணீர் வேகமாகப் பாய்ந்தால் ஃபில்டருக்குள் இருக்கும் மணலில் வழி பண்ணிக்கொண்டு அழுக்கோடு சேர்ந்தே வெளியே வரும். மின்சாரமும் கணக்குப் போடுங்கள்: ஒரு எச்.பி. மோட்டார் மணிக்குச் சுமார் ஒரு யூனிட் இழுக்கும். தினம் ஆறு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 360 யூனிட். தமிழ்நாட்டுப் பக்கம் கடலூரிலோ கோட்டக்குப்பத்திலோ இருக்கிறவர்களுக்கு இலவச யூனிட் போக, மேலே ஏற ஏற யூனிட் விலையும் ஏறும் என்பது தெரிந்ததுதான். ஒரு டைமர் போட்டுவிடுங்கள்.

மணல் ஃபில்டரின் ஃபைபர் தொட்டி விரிசல் இல்லாமல் இருந்தால் அதை மாற்றவே வேண்டாம். மேலே, தண்ணீர் போகும் வழியை மாற்றுகிற, ஆறு நிலைகள் கொண்ட மல்டிபோர்ட் வால்வு இருக்கும். ஃபில்டர் நிலையில் வைத்திருக்கும்போதே கழிவுக் குழாயில் தண்ணீர் வந்தால், வால்வு முழுக்க மாற்ற வேண்டும் என்பார்கள். திறந்து பாருங்கள், சக்கரத்தின் ஆரங்கள் போல ஒரு ரப்பர் இருக்கும். ஸ்பைடர் கேஸ்கெட் என்று கேட்டால் தருவார்கள். பெரும்பாலும் அது தேய்ந்திருப்பதுதான் காரணம்.

மணலை ஐந்து முதல் ஏழு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம். ஃபில்டர் மணல் என்றே கேட்டு வாங்குங்கள். எத்தனை கிலோ என்பது தொட்டியின் லேபிளில் இருக்கும். கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறதே என்று அள்ளிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அதில் உப்பும் கிளிஞ்சலும் இருக்கும், பருமனும் ஒரே சீராக இருக்காது. பழைய மணலை அள்ளும்போது அடியில் விரல் விரலாக இருக்கும் பிளாஸ்டிக் குழாய்களைப் பாருங்கள். ஒன்று உடைந்திருந்தாலும் மணல் குளத்துக்குள் வந்து சேரும். புது மணல் போடுவதற்கு முன் தொட்டியில் பாதிக்குத் தண்ணீர் நிரப்புங்கள். மணல் அந்தத் தண்ணீரில் மெதுவாக இறங்கும், குழாய்கள் உடையாது. நடுவே நிற்கும் குழாயின் வாயைப் பாலித்தீன் பையால் கட்டிக்கொள்ளுங்கள்; போட்டு முடித்ததும் அவிழ்க்கவும் வேண்டும். வால்வை முதலில் பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுவது), பிறகு ரின்ஸ் (மிச்ச அழுக்கை அலசி வெளியேற்றுவது), அப்புறம்தான் ஃபில்டர் நிலையில் வைக்க வேண்டும். அந்த நேரத்தில் பிரஷர் கேஜ் காட்டும் எண்ணைத் தொட்டியின் மேலேயே எழுதி வையுங்கள். அதைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. ஏறும்போது அடுத்த பேக்வாஷ்.

மோட்டார் தரைக்குக் கீழே பள்ளத்தில் இருந்தால், இந்த வாய்ப்பில் மேலே மேடை கட்டி ஏற்றிவிடுங்கள். பள்ளம் ஒரு பெருமழைக்கே நிரம்பும். மேலே ஏற்றினால், தானே தண்ணீரை மேலே இழுத்துக்கொள்ளும், குப்பை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரோடு வரும் செல்ஃப் பிரைமிங் மோட்டாரும், தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் சாமான் வாங்கலாமா? ஃபில்டர் தொட்டியும் ஏணியும் வாங்கலாம். ஏணி 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று கேளுங்கள். 304 உப்புக் காற்றில் பழுப்புப் புள்ளி விடும். மோட்டாரும் விளக்கும் வேண்டாம்.

மின்சாரத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம்

குளத்துக்குள் 230 வோல்ட் விளக்கு இருந்தால் அன்றைக்கே துண்டித்துவிடுங்கள். 12 வோல்ட் எல்.இ.டி. விளக்கு, குளத்துக்குத் தள்ளி வைத்த டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார் லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்), சரியான எர்த். ஏணி, கைப்பிடி, மோட்டார் உடம்பு எல்லா உலோகத்தையும் ஒன்றாக இணைத்து எர்த் செய்ய வேண்டும். கடலோரத்தில் பழைய எர்த் பைப் துருப்பிடித்துப் பேருக்கு நிற்கும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்து அளந்து சொல்லட்டும். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

தண்ணீர் நிரப்பும் நாள்

போர் தண்ணீரைத் திறந்துவிடும் முன் ஒரு வெள்ளை பக்கெட்டில் பிடித்து, ஒரு மூடி குளோரின் கரைசல் ஊற்றி இரவு முழுக்க வையுங்கள். காலையில் டீத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தால் அதில் இரும்பு இருக்கிறது. அப்படியே நிரப்பிக் குளோரின் போட்டால் புது டைல்ஸ் முழுக்கப் பழுப்புக் கறை. மாடித் தொட்டியில் உயரத்திலிருந்து கொட்டவிட்டு, இரும்பு படிந்த பிறகு தெளிந்ததை இறக்கலாம், இல்லையென்றால் லாரித் தண்ணீர். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கிற போர் தண்ணீரும் வேண்டாம். மோட்டாரையும் ஏணியையும் அது தின்றுவிடும்.

நிரம்பியதும் மோட்டாரை ஒரு நாள் ஓடவிட்டு, டெஸ்ட் கிட் வைத்து அளக்க வேண்டும். முதலில் காரத்தன்மை (கிட்டில் ஆல்கலினிட்டி என்றிருக்கும்), 80 முதல் 120 பி.பி.எம். (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்). குறைந்தால் சமையல் சோடா: நம் 38,000 லிட்டர் குளத்தில் 10 பி.பி.எம். ஏற்ற சுமார் 650 கிராம் பிடிக்கும். அடுத்தது பி.எச். (அமிலமா காரமா என்ற அளவு), 7.2 முதல் 7.6. கடைசியில் குளோரின், 1 முதல் 3 பி.பி.எம். 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் 60 கிராம் போட்டால் இந்தக் குளத்தில் ஒரு பி.பி.எம். ஏறும். தண்ணீர் பச்சையாக இருந்தால் அதன் பத்து மடங்கு, 600 கிராம், சூரியன் இறங்கிய பிறகு. பகலில் போட்டால் வெயிலே பாதியைத் தின்றுவிடும். ப்ளீச்சிங் பவுடர் மலிவுதான், ஆனால் சுண்ணாம்பு படிந்து தண்ணீர் கலங்கும்.

மருந்தைத் தண்ணீரில் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. குளோரின் மாத்திரையையும் ஹைப்போகுளோரைட் பவுடரையும் ஒரே டப்பாவில், ஒரே மக்கில் கலக்காதீர்கள், தீப்பிடிக்கும். ஆசிட் பக்கத்தில் குளோரின் டப்பா இருக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் விஷ வாயு.

ஹீட்டர் நம் ஊருக்குத் தேவையில்லை. ஆட்டோமேட்டிக் கிளீனர், உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி எல்லாம் வசதிதான், ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பதில் நல்ல வலை, நீளக் கம்பு, நைலான் பிரஷ் வாங்குங்கள். சவுக்கு மரமோ முருங்கையோ பக்கத்தில் இருந்தால் ஸ்கிம்மர் (நீர்மட்டத்தில் மிதக்கும் சருகை இழுத்துக்கொள்ளும் வாய்) கூடையைத் தினமும் கொட்ட வேண்டியிருக்கும்.

குளோரின் மாத்திரை பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்று. மாத்திரையோடு சயனூரிக் அமிலமும் தண்ணீரில் சேர்ந்துகொண்டே வரும். 30 முதல் 50 பி.பி.எம். வரை நல்லது, வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும். 100-ஐத் தாண்டினால் குளோரின் இருந்தும் வேலை செய்யாது. அதைக் குறைக்க நடைமுறையில் இருக்கும் வழி, தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றுவதுதான். ஐப்பசி, கார்த்திகை மழை இந்த வேலையை இலவசமாகச் செய்துவிடும்: நீர் வழிந்து போக ஓரத்தில் ஒரு வழி மட்டும் இருக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் மெயினை அணைத்து, ஸ்கிம்மர் கூடையைக் காலி செய்து, குளத்தை நிறைத்தபடியே விட்டுவிடுங்கள். மழை நின்றதும் முதலில் காரத்தன்மையை அளந்து சோடா போட்டு, மறுநாள் பி.எச். பார்த்து, அதற்கப்புறம் குளோரின் போடுங்கள்.